பண்ணை வீட்டு பிரவுனி

அன்பழகன் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் யாரும் வீட்டைக் குறை சொன்னதில்லை. மோகனூருக்கு மேற்கே, வாய்க்கால் ஓரமாக, மாடி வைத்துக் கட்டிய வீடு. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பத்துத் தென்னை இருக்கிறது, பையனுக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. எல்லாவற்றுக்கும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும் நேரம் பார்த்துக் காற்று திரும்பும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கோழிப்பண்ணை, நானும் இருக்கிறேன் என்று சொல்லிவிடும். வந்த பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோவார்கள். போய்ப் பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள் ஆண்கள். சொல்லி அனுப்பியவர்களும் உண்டு, மறந்தவர்களும் உண்டு. பதில் என்னவோ ஒன்றுதான்.

ஊர் உலகத்துக்கெல்லாம் முட்டை இங்கிருந்துதான் போக வேண்டும், முட்டைக்காரனுக்கு மட்டும் பெண் கிடைக்காது, இது எந்த ஊர் நியாயம் என்று அவன் அம்மா உண்ணாமலை போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பச்சமுத்து எதுவும் கேட்கமாட்டார். தீவன விலையைத் தவிர வேறெதைப் பற்றியும் அவர் வாய் திறந்து பல வருடங்கள் ஆகின்றன. அன்பழகனுக்கு முப்பத்து நான்கு முடிந்து, காதோரம் ஒன்றிரண்டு வெள்ளை முடியும் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

இந்த முறை வருவது மேச்சேரிப் பக்கத்து ஆட்கள். பெண் பெயர் அறிவுச்செல்வி. சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், கண்ணாடிக்கு அளவு பார்க்கும் வேலை. பெண் பார்த்தது நாமக்கல்லில் கோயில் மண்டபத்தில். பெரியவர்கள் இரண்டு பேரையும் ஒரு தூண் பக்கமாக விட்டுவிட்டு, பிரசாதக் கடையைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டார்கள். அவள்தான் முதலில் பேசினாள். பண்ணை வீடு என்றால் ஈ வருமா என்று நேராகக் கேட்டாள். புத்தியுள்ளவன் இல்லை என்று சொல்லியிருப்பான். அன்பழகன், வரும், சன்னலுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறேன், இருந்தாலும் மழைக்காலத்தில் நாலு ஈயாவது உள்ளே வந்துவிடும் என்று உள்ளதைச் சொன்னான். இதற்கு முன் வந்த பையன்கள் எல்லாருடைய வீடும் அப்பழுக்கில்லாத வீடு, ஈ இருக்கிறது என்று ஒத்துக்கொண்டவர் நீங்கள் ஒருத்தர்தான் என்றாள் அவள்.

அப்புறம், லாரியில் ஏற்ற முடியாத கீறல் முட்டையையெல்லாம் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அங்கேதான் அவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். பாதியைப் பேக்கரிக்குக் கொடுப்போம், மீதியில் நான் பிரவுனி செய்வேன் என்று சொல்லிவிட்டான். அவள் சிரித்தாள். தூண் பக்கத்தில் நின்றிருந்த அவள் அம்மா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கிண்டல் இருக்கிறதா என்று அன்று இரவு முழுக்கப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். துளியும் இல்லை. அதற்கப்புறம் அவன் பண்ணையில் தீவனம் அள்ளினாலும் மோட்டார் போட்டாலும் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது. அவனுக்கு அப்படி ஓர் ஆசை அதற்கு முன் வந்ததே இல்லை.

பிரவுனி என்கிற அந்தச் சாக்லேட் பலகாரம் அவன் கைக்கு வந்தது போனில் பார்த்த வீடியோவால். முதலில் செய்தது செங்கல்லாக வந்தது. பண்ணை நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதைக்கு ஒரு நக்கு நக்கிவிட்டுப் போனது. இரண்டாவது தடவை கேக்காக உப்பிக்கொண்டது. மண்டையை உடைத்துக்கொண்டு, கிலோக்கணக்கில் வெண்ணெயைத் தீர்த்த பிறகுதான் அவனுக்குச் சூட்சுமம் பிடிபட்டது. முட்டையையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கிற வரைக்கும் அடிக்க வேண்டும், அப்போதுதான் மேலே மெல்லிசாகப் பளபளவென்று ஒரு தோல் கட்டும். மைதாவைக் கை அடக்கிக் கொஞ்சமாகப் போட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஓரம் வெந்து நடுப்பகுதி இன்னும் லேசாகத் தளும்பும்போதே ஓவனிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிடம் அசந்தால் அது வெறும் கேக். சரியான நேரத்தில் எடுத்தால், ஆறிய பிறகு உள்ளே ஈரப்பதமாக, பல்லில் ஒட்டிக்கொண்டு, நாக்கைவிட்டு இறங்க மனமில்லாமல் கிடக்கும்.

உண்ணாமலைக்கு இதில் பெருமை எதுவும் இல்லை. ஆம்பளைப் பிள்ளை அடுப்படியில் நின்று மாவு கலக்குகிறான் என்று வெளியே தெரிந்தால், வருகிற ஒன்றிரண்டு சம்பந்தமும் வராது என்று பயந்தாள். அதனால் ஓவன் மேல் ஒரு பூப்போட்ட துணியைப் போட்டு மூடி, அதன்மேல் காலண்டரைச் சாய்த்து வைத்திருந்தாள்.

வீடு பார்க்க ஒன்பது பேர் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. கூடவே இன்னொரு தகவலும் வந்தது. பெண்ணின் பெரியப்பா சண்முகவேல் பழைய முறைக்காரர். அந்தப் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று பொருள். இந்தக் காலத்தில் பலபேர் காபி, மிச்சர் வரைக்கும் போய்விடுகிறார்கள். சண்முகவேல் போகமாட்டார். அவர் இளவட்டமாக இருந்தபோது, தங்கச்சிக்கு இடம் பார்க்கப் போன வீட்டில் ஆசைப்பட்டு இரண்டு போண்டா தின்றுவிட்டார். அப்புறம் அந்த இடம் சரிப்படவில்லை. போண்டாவைத் தின்றுவிட்டுப் பெண்ணைக் கொடுக்காத கூட்டம் என்று அந்த வீட்டுக்காரர்கள் சந்தை சந்தையாகப் பேசித் தீர்த்தார்கள். அன்றிலிருந்து சண்முகவேல் போகிற இடத்தில் எல்லாம் பச்சைத் தண்ணீர்தான். கூட வருகிறவர்களுக்கும் அதேதான்.

அதனால் உண்ணாமலை சமையல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அன்பழகன் மட்டும் கேட்கவில்லை. தின்னாவிட்டால் போகட்டும், ஒரு தட்டில் வைத்துக் காட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். சொன்னதைச் செய்துவிட்டேன் என்று அவளுக்கு எப்படியாவது சேதி போகாதா என்கிற நப்பாசைதான். முந்தின நாள் சாயங்காலமே ஒரு முழுத் தட்டு பிரவுனி போட்டு எடுத்தான். அன்று பார்த்து அது வந்த அழகு இருக்கிறதே, அப்படி அதற்கு முன் வந்ததில்லை. ஒரு நாள் கிடந்தால் இன்னும் இறுகி ருசி கூடும் என்று மூடி வைத்தான். யாரும் தொடக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னான். காலையில் முட்டை ஏற்ற லாரி வந்துவிட்டதால், விடிந்ததும் பண்ணைக்குப் போய்விட்டான்.

யாரும் தொடக்கூடாது என்பது ஜோதிக்குத் தெரியாது. ஜோதி அவனுடைய அக்கா, ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். தம்பி வீட்டு விசேஷம் என்று முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள், அம்மா மாடியைக் கூட்டிக்கொண்டிருந்ததால், நேரே அடுப்படிக்குள் நுழைந்தாள். கை சும்மா இருக்கிற பெண் இல்லை அவள். மூடியைத் திறந்தாள். வாசம் நன்றாகத்தான் இருந்தது. இட்லி வெந்ததா என்று பார்க்கிற மாதிரி ஒரு ஸ்பூன் காம்பை நடுவில் குத்தி எடுத்தாள். காம்பு பூரா அப்பிக்கொண்டு வந்தது.  தம்பி அவசரத்தில் வேகாமலே இறக்கிவிட்டான், இதைப் போய் மேச்சேரிக்காரர்கள் முன்னால் வைத்தால் குடும்ப மானம் என்னாவது என்று நினைத்தாள். ஓவனை எப்படிப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இட்லிச் சட்டி தெரியும்.

அன்பழகன் குளிக்கலாம் என்று வீட்டுக்கு வந்தபோது, அடுப்பில் இட்லிச் சட்டி புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஜோதி மூடியைத் திறந்து காட்டினாள். குழிக்கு ஒன்றாக, துணிமேல், அவனுடைய பிரவுனி ஊறி உப்பிக் கறுப்பாகக் கொழகொழத்துக் கிடந்தது.

"உள்ள பூரா களி மாதிரி இருந்துச்சுடா. ஒறம்பரைக்கு வேகாததைக் குடுத்து வயித்தால போச்சுன்னா, அதையும் பண்ணை மேலதான் சொல்லுவாங்க" என்றாள் ஜோதி.

அவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அழுகை வருகிற மாதிரி இருந்தது, முப்பத்து நான்கு வயதில் பிரவுனிக்காக அழுதான் என்ற பெயர் வேண்டாமே என்று அடக்கிக்கொண்டான். அது அப்படித்தான் ஒட்ட வேண்டும், அதுதான் அதன் குணம் என்று அம்மா மெதுவாக எடுத்துச் சொன்னதும், ஜோதிக்கு முகம் செத்துப்போனது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, நல்லாத்தான் இருக்குது என்று சமாதானம் சொல்லப் பார்த்தாள். அவளாலேயே அதை விழுங்க முடியவில்லை.

இன்னும் நேரம் இருந்தது. சாமான் இருக்கிறதா என்று அன்பழகன் எழுந்து டப்பாக்களைத் திறந்தான். சாக்லேட் கட்டியில் பாதிதான் மிச்சம், வெண்ணெயும் அதற்கேற்ற மாதிரிதான். சின்னத் தட்டுக்குப் போதும். முட்டைக்குப் பஞ்சமில்லை. குளியலாவது ஒன்றாவது என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். ஜோதி பாவத்துக்குப் பரிகாரமாகச் சுடுதண்ணீர் வைத்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டையும் வெண்ணெயையும் உருக்கிக் கொடுத்தாள். அவன் முட்டையும் சர்க்கரையும் அடித்தான். உருகிய சாக்லேட்டை ஊற்றி, மைதாவையும் கோகோ பவுடரையும் சலித்துப் போட்டு, அடித்துக் கலக்காமல் மெதுவாகப் புரட்டினான். ஒரு சிட்டிகை உப்பு போட்டான். பட்டர் பேப்பர் போட்ட தட்டில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் வேன் வந்து நின்றது.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தது சண்முகவேலின் யோசனை. சாம்பிராணியைப் போட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி வீட்டை மணக்க வைப்பதற்குள் போய்விட வேண்டும், அப்போதுதான் உண்மை தெரியும் என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் கணக்குப் பலித்தது. உண்ணாமலை சாம்பிராணிக் கரண்டியில் அப்போதுதான் கங்கு எடுத்துப் போட்டிருந்தாள். புகைகூட வரவில்லை. அவசரத்தில் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடிவந்து எல்லாரையும் வாங்க வாங்க என்றாள். அன்பழகன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கும்பிட்டான். மூக்கில் கோகோ பவுடர் ஒட்டியிருந்ததை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். செம்பில் தண்ணீர் வந்தது, குடித்தார்கள். பெண்ணின் அப்பா தங்கமுத்து அதிகம் பேசாத மனிதர். மேச்சேரி ஆடு வளர்ப்பவர், வெயிலில் நின்று நின்று கறுத்த முகம். பெண்ணின் அம்மா எழுந்துபோய்ச் சன்னல் வலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, வலை கெட்டியாகத்தான் இருக்கிறது என்பதுபோல் புருஷனைப் பார்த்தாள். சண்முகவேல் எழுந்து ஒவ்வோர் அறையாகப் போனார். ஒவ்வோர் அறையிலும் நின்று மூச்சை நன்றாக இழுத்தார். வருவது கோழி வாசம் இல்லை. சாக்லேட்டும் வெண்ணெயுமாகச் சூடாக ஒரு வாசம் வந்து மூக்கைத் துளைத்தது. மாடிக்குப் போனார், அங்கேயும் அதுதான். மனிதர் குழம்பிப்போய்க் கீழே வந்து, உள்ளே என்ன வேகிறது என்று கேட்டார்.

உண்ணாமலை முழித்தாள். ஜோதி, அது வந்து என்று ஆரம்பித்து நிறுத்தினாள். தீவன விலையைத் தவிர எதுவும் பேசாத பச்சமுத்துதான் வாயைத் திறந்தார்.

"பையன் பிரவுனி போட்டிருக்கறானுங்க."

 வந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். உண்ணாமலை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். இந்தச் சம்பந்தமும் போச்சு என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. சண்முகவேல் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரி, அது கிடக்கட்டும் என்று ஆரம்பித்தார். அவருடைய கேள்விகள் வரிசையாக வந்தன. பண்ணையில் எத்தனை கோழி, நோய் வந்தால் என்ன செய்வாய், முட்டை விலை இறங்கினால் குடும்பத்தை எப்படி ஓட்டுவாய். அன்பழகன் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் மூக்கு மட்டும் அடுப்படிப் பக்கமே இருந்தது. வாசம் மாறிக்கொண்டு வந்தது. பச்சை மாவு வாசம் போய், சர்க்கரை பிடிக்கிற வாசம் வந்துவிட்டது. இதுதான் நேரம்.

சண்முகவேல் அப்போதுதான் பெரிய கேள்விக்கு வந்தார். நாளைக்கே எங்கள் பிள்ளைக்கு இந்தப் பண்ணை ஒத்துவரவில்லை என்றால் என்ன பண்ணுவாய் என்றார். எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். இந்தப் பதிலில்தான் காரியமே இருக்கிறது என்று அன்பழகனுக்கும் தெரியும். பதிலை யோசித்துச் சொல்ல வேண்டும், யோசித்தால் பிரவுனி போய்விடும்.

"சித்த இருங்க மாமா, ஓவன்ல இருந்து எடுத்துப்போட்டு வந்து சொல்றனுங்க" என்று எழுந்து போய்விட்டான்.

உண்ணாமலை தலையில் கை வைத்துக்கொண்டாள். கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது பெரியவர் முன்னால் எழுந்துபோகிற மாப்பிள்ளையை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. சண்முகவேலும் பார்த்ததில்லை. அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எழுந்த வேகத்தைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். மரியாதை தெரியாத இடத்தில் என்ன பேச்சு, கிளம்பலாம் என்றார். ஜோதிக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. காலையில் தான் மட்டும் அந்த இட்லிச் சட்டியைத் தொடாமல் இருந்திருந்தால் இப்போது ஓவனில் எதுவுமே இருந்திருக்காது, தம்பி இங்கேயே உட்கார்ந்து பதில் சொல்லியிருப்பான் என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

எல்லாரும் வாசல் பக்கம் திரும்ப, தங்கமுத்து மட்டும் அடுப்படிப் பக்கம் திரும்பினார். கதவோரம் நின்று உள்ளே பார்த்தார். பையன் துணியைச் சுற்றித் தட்டை வெளியே எடுத்து, லேசாக ஆட்டிப் பார்த்தான். ஓரம் நின்றது, நடுப்பகுதி மட்டும் தளும்பியது. அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அகலப் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, அதன்மேல் தட்டை வைத்து ஆற விட்டான். பின்னால் ஆள் நிற்பது தெரிந்து திரும்பியபோதுதான் அவனுக்குத் தான் செய்த காரியமே உறைத்தது. மன்னித்துக்கொள்ளச் சொல்லி, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

தங்கமுத்து கூடத்துக்கு வந்து அண்ணனைப் பார்த்தார்.

"செம்மறி குட்டி போடறபோது நானும் இப்புடித்தான் எந்திரிச்சுப் போயிருவனுங்கண்ணா. நீங்க வந்து உக்காந்திருந்தாலும் செரி."

அது ஆடு, இது பலகாரம் என்றார் சண்முகவேல். கையில் ஒரு வேலை இருந்தால் அதை முடிக்கிறவன்தான் வேண்டும், அது எதுவாக இருந்தால் என்ன என்று தங்கமுத்து நிதானமாகச் சொன்னார். அண்ணனை அவர் எதிர்த்துப் பேசியதை அந்த ஒன்பது பேரில் யாரும் அதுவரை கேட்டதில்லை. சண்முகவேல், உன் பிள்ளை, உன் பாடு என்று சொல்லிவிட்டு நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். கோபம் போகவில்லை, துண்டு மட்டும் தோளிலிருந்து மடிக்கு இறங்கியது.

முறையும் தெரியும், பிள்ளை மனதும் தெரிய வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தங்கமுத்து போனை எடுத்து அறிவுச்செல்விக்குப் போட்டார். அவருக்கு எப்போதும் ஸ்பீக்கர்தான். சேலத்தில் அவள் வேலைக்கு நடுவில் எடுத்தாள். வீடு பிடித்திருக்கிறதா, பண்ணை எப்படி என்று எதுவும் அவள் கேட்கவில்லை. என்னங்கப்பா ஒரே சத்தமாக இருக்கிறது என்றாள். பையன் பிரவுனி போட்டு எடுத்திருக்கிறான், அதுதான் பிரச்சினை என்று தங்கமுத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். கேள்விக்கு நடுவில் எழுந்துபோனதையும் மறைக்கவில்லை. 

"ஒண்ணு எடுத்துச் சாப்புடுங்கப்பா" என்றாள் அறிவுச்செல்வி.

 சண்முகவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். தங்கமுத்து போனை வாய்க்குப் பக்கமாகக் கொண்டுபோனார்.

"சாமி, இங்க சாப்புட்டா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியுங்கப்பா. தெரிஞ்சுதான் சொல்றனுங்க."

அன்பழகனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. சந்தோஷத்தில் நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல், தாலி கட்டப் போகிறவன்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஜோதி அவனை ஒரு தள்ளு தள்ளினாள். அவன் அடுப்படிக்குப் போய், கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்து, இன்னும் முழுசாக ஆறாத பிரவுனியை வெட்டினான். துண்டுகள் கோணல்மாணலாக வந்தன. தட்டோடு கொண்டுவந்து மாமனார் முன்னால் நீட்டினான்.

தங்கமுத்து ஓரத்தில் ஒரு துண்டை எடுத்தார். கூட வந்த எட்டுப் பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் மென்றார். ஆட்டுக்காரர் எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டார், இதையும் செய்யவில்லை. மென்று, விழுங்கி, விரலில் ஒட்டியிருந்ததையும் சப்பி முடித்தார்.

"இன்னொண்ணு வைங்க மாப்ள" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு உண்ணாமலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. சம்மதம் ஆகிவிட்டது, இனி ஒன்பது பேருக்கும் மத்தியானச் சாப்பாடு போட்டாக வேண்டும், வீட்டில் ஒரு பருக்கை சோறு கிடையாது. பச்சமுத்து ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பண்ணைக்குப் போய்விட்டார். ஓர் அட்டை முட்டையோடு அவர் திரும்பி வருவதைப் பார்த்துப் பெண்ணின் அம்மா சிரித்துவிட்டு, வெங்காயம் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

பிரவுனித் தட்டு கைக்குக் கை மாறிப் போனது. எல்லாரும் எடுத்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் இரண்டு எடுத்தாள். சண்முகவேல் மட்டும், எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்சநேரம் கழித்து, ஒன்றும் கெட்டுப்போகாது என்று அவராகவே சொல்லிக்கொண்டு தட்டைப் பக்கத்தில் இழுத்தார். அதில் மிச்சமிருந்தது ஒரே ஒரு துண்டு. நட்டநடுத் துண்டு. ஓரமே இல்லாமல் நாலு பக்கமும் பிசுபிசுவென்று, மேலே தோல் மட்டும் பளபளத்துக் கிடந்தது.

போன் இன்னும் அணைக்கப்படவில்லை. அதை மாப்பிள்ளை கையில் கொடுக்கச் சொல்லி அதற்குள்ளிருந்து அறிவுச்செல்வியின் குரல் வந்தது. தங்கமுத்து நீட்டினார். அன்பழகன் வாங்கி, ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாமல் தடவிவிட்டு, சொல்லுங்க என்றான்.

"நாலு பக்கமும் ஓரத்தைத் தின்னுபோட்டாங்களா? நடுத்துண்டு எனக்கு வேணுமுங்க."

அன்பழகன் தட்டைப் பார்த்தான். சண்முகவேலின் விரல் துண்டைத் தொட்டுவிட்டது. பெரியவர், முறைக்காரர், பெண்ணுக்குப் பெரியப்பா, இப்போதுதான் சமாதானமானவர். அன்பழகன் குனிந்து, அவர் விரலுக்கு அடியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, டப்பாவில் போட்டு மூடினான்.